ஏவுகணை மாட்டிய ட்ரோன், யார் என்று தெரியாத புள்ளி: நெல்லைப் பக்கம் ஒரு இறுதியாண்டு ஆய்வின் கதை

பின்னணி

2024–25 கல்வியாண்டில், நெல்லைக்குத் தெற்கே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது இது. இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர், மூன்று பையன்களும் ஒரு பெண்ணும், தங்கள் புராஜெக்டுக்கு எடுத்த தலைப்பு: எதிரி விமானத்தைச் சுடுவதற்காக வான்–வான் ஏவுகணை மாட்டிய ராணுவ ட்ரோன். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர். பாதியில் வந்து சேர்ந்தவர், அந்த மாணவர்களில் ஒருவருடைய பெரியப்பா. விமானப்படையில் ரேடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊரில் வாழை போட்டுக்கொண்டிருப்பவர். துறையின் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் எல்லா ரிவ்யூவிலும் இருந்தேன்.

தலைப்பு வந்ததற்குக் காரணம் செய்திதான். கடற்படை குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து இயக்கிவந்த எம்கியூ–9பி ட்ரோன் ஒன்று, செப்டம்பர் 2024-ல் கோளாறாகி, சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே அதே வகையில் 31 ட்ரோன்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது: கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. 'அதுல ஏவுகணை மாட்டுனா போர் விமானமே வேண்டாமே சார்' என்பதுதான் நால்வரும் முதல் நாள் கொண்டுவந்த வாதம். அந்த வயதில் இப்படித் தோன்றுவது இயல்பு. பல நாட்டு ராணுவங்களுக்கும் இதே ஆசை வந்துதான் இருக்கிறது.

முதல் முடிவு: பறக்கவிடுவது இல்லை

மாணவர்கள் கேட்டது ஒரு செயல்முறை மாதிரி. நான்கு விசிறி ட்ரோன் ஒன்றின் அடியில் ஏவுகணை வடிவில் பிவிசி குழாய் தொங்கவிட்டு, கல்லூரி மைதானத்தில் பறக்கவிட்டு, எடையும் நிலைத்தன்மையும் அளப்பது என்று திட்டம். வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டு.

ஒன்று சட்டம். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, சிவப்பு மண்டலம் என்று குறித்த தடைப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. ஆயுதம் ஏற்றுவதற்கும் தடை இருக்கிறது. நம் வட்டாரமோ சாதாரண வட்டாரம் கிடையாது. விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளோடு பேசும் கடற்படை நிலையமான ஐஎன்எஸ் கட்டபொம்மன், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் என்ஜின் சோதனை வளாகம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே குழாய் தொங்கும் ட்ரோன் ஒன்று காற்றில் திசைமாறிப் போனால், அது வெறும் குழாய்தான் என்று விளக்கிச் சொல்ல அவகாசம் கிடைக்காது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. குழாயைத் தொங்கவிட்டுப் பறப்பதால் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை 10 கிலோதான். போர் விமானங்கள் சுமக்கும் சைட்விண்டர் ஏவுகணை 85 கிலோ. எம்கியூ–9 போன்ற ட்ரோன் இதைத் தூக்குமா என்பது ஒரு கேள்வியே இல்லை.

ஆகவே எல்லாமே கணினியிலும் காகிதத்திலும் என்று முடிவானது. பையன்களில் ஒருவருக்கு இது பெரிய ஏமாற்றம். இரண்டு வாரம் சரியாகவே வரவில்லை.

நடந்ததைப் படித்தது

வழிகாட்டி கொடுத்த முதல் வேலை, 23 டிசம்பர் 2002-ல் ஈராக் வானில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்து எழுதி வருவது. விமானமும் ட்ரோனும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட முதல் சம்பவம் அது.

ஈராக்கில் விமானங்கள் பறக்கத் தடைவிதிக்கப்பட்ட பகுதிகளில் அமெரிக்கா பிரிடேட்டர் ட்ரோன்களைச் சுற்றவிட்டிருந்தது. ஈராக்கிய மிக் போர் விமானங்கள் அவற்றை வேட்டையாட ஆரம்பித்தன. சும்மா சாவதற்குப் பதிலாகத் திருப்பிச் சுடட்டும் என்று பிரிடேட்டரில் ஸ்டிங்கரை மாட்டினார்கள். ஸ்டிங்கர் மனிதன் தோளில் வைத்துச் சுடும் சின்ன ஏவுகணை, வெப்பத்தைத் தேடிப் போகும். அன்றைக்கு ஒரு மிக்–25 எதிரே வந்தது. இரண்டும் சுட்டன. ஸ்டிங்கர் மிக்கை விட்டுவிட்டு, மிக் ஏவிய ஏவுகணையின் சூட்டைப் பார்த்துத் திசைமாறியதாகச் சொல்லப்படுகிறது. மிக்கின் ஏவுகணை பிரிடேட்டரை வீழ்த்தியது.

மாணவர்கள் இதைத் தாளில் எழுதி, பக்கத்தில் கணக்கும் போட்டார்கள். பிரிடேட்டருக்கு 115 குதிரைத்திறன் என்ஜின், உச்ச வேகம் மணிக்கு 217 கிலோமீட்டர். மிக்–25 முழு வேகத்தில் 3,000 கிலோமீட்டரை நெருங்கும். அவ்வளவு வேண்டாம், எதிரெதிரே நெருங்கும் வேகம் மணிக்கு 1,200 என்றே வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 333 மீட்டர். ஸ்டிங்கர் எட்டும் தூரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதாவது நெல்லை சந்திப்பில் கிளம்பினால் பாளையங்கோட்டையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடக்க மிக்குக்கு 15 நொடி போதும். ட்ரோனை ஓட்டுபவரோ வேறு கண்டத்தில் இருக்கலாம். செயற்கைக்கோள் வழியாகப் படம் வந்து, கட்டளை திரும்பிப் போக ஒன்றிரண்டு நொடி ஆகும். இரண்டு நொடி என்றால் 666 மீட்டர். திரையில் தெரியும் மிக், உண்மையில் அந்த இடத்தில் இருக்காது.

அப்புறம் வந்த முன்னேற்றங்களையும் சேர்த்தார்கள். நவம்பர் 2017-ல் எம்கியூ–9 ஒன்று வெப்பம் தேடும் ஏவுகணையால் ஒரு சின்ன ட்ரோனைச் சோதனையில் வீழ்த்தியது. செப்டம்பர் 2020-ல் நெவாடாவில் அதே வகை ட்ரோன் ஏஐஎம்–9எக்ஸ் என்ற புதிய வகை சைட்விண்டர் கொண்டு, குரூஸ் ஏவுகணை போல நடித்த ஒரு இலக்கை அடித்தது. ஈரான் டிசம்பர் 2023-ல் காரார் ட்ரோனில் மஜித் ஏவுகணையை மாட்டிக் காட்டியது. முதல் ரிவ்யூவில் இவற்றை வரிசையாகப் போட்டு, 'ஏவுகணை நல்லதானால் 2002 திரும்ப நடக்காது' என்று முடித்தார்கள்.

கணினி சொன்ன பொய்

பிறகு நிரல் எழுதினார்கள். வரைபடத்துக்கு நம் ஊரையே வைத்துக்கொண்டார்கள். மேற்கே மலை, கிழக்கே மன்னார் வளைகுடா, நடுவில் ட்ரோன் வட்டமடிக்கிறது. கடல் பக்கமிருந்து எதிரி வருகிறது. பழைய ஏவுகணை போட்டால் ட்ரோன் தோற்றது. நல்ல ஏவுகணை போட்டதும் ஓட்டத்துக்கு ஓட்டம் ட்ரோன் ஜெயித்தது. வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

பெரியப்பா வந்தது அந்தச் சமயம்தான். தம்பி மகனை பைக்கில் கொண்டுவிட வந்தவரை வழிகாட்டி ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டது ஒன்றே ஒன்று:

'சரிடே, அந்தச் சிவப்புப் புள்ளி எதிரின்னு ஒங்க ட்ரோனுக்கு யாரு சொல்லுதா?'

'நாங்கதான் பெரியப்பா சிவப்புன்னு கொடுத்திருக்கோம்.'

'நீங்க கொடுத்தீங்க. மேல பறக்கும்போது யாரு கொடுப்பா?'

நிரலைத் திறந்து பார்த்தால், எதிரி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், எந்தத் திசை, எந்த நாடு என்று எல்லாமே ட்ரோனுக்கு முதல் நொடியிலிருந்தே தெரியும்படி எழுதியிருந்தார்கள். பிரிடேட்டரில் வானத்தைத் துழாவும் ரேடார் கிடையாது. இருந்தது கேமரா. அந்தக் கேமரா தரையைப் பார்ப்பதற்காக வைத்தது, குறுகிய கோணம். அதை வைத்து வானத்தில் விமானம் தேடுவது, சாவித் துவாரம் வழியாக நெல்லையப்பர் தேரோட்டம் பார்க்கிற மாதிரி. வடம் தெரியலாம், சக்கரம் தெரியலாம், தேர் எந்த வீதியில் நிற்கிறது என்று தெரியாது.

பெரியப்பா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், புள்ளியைக் கண்டுபிடிப்பது வேலையின் ஆரம்பம்தானாம். அது யார் என்று உறுதிசெய்வதற்குள்தான் வேர்த்துப்போகுமாம்.

இரண்டாம் முடிவு: தெரியாமல் விளையாடுவது

வழிகாட்டி நிரலை ஓரங்கட்டச் சொன்னார். பதிலாக இரண்டு ஆய்வக அறைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு அறையில் பெரிய மேசைமேல் வட்டாரத்தின் வரைபடம். நடுவராக ஒரு மாணவர் எல்லா விமானங்களையும் நகர்த்துவார். அடுத்த அறையில் ட்ரோன் ஓட்டுநர். அவருக்கு வரைபடம் கிடையாது. விடைத்தாள் கட்டு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, உள்ளங்கை அகல ஓட்டை போட்டு, அந்த அளவுக்கு மட்டும் வானத்தைக் காட்டுவார்கள். அதையும் ஒரு நகர்த்தல் தாமதித்துத்தான் காட்டுவார்கள். விமானம் யார் என்று கேட்டால், நடுவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார். சீட்டில் சில நேரம் பதில் இருக்கும், சில நேரம் 'பதில் வரவில்லை' என்று மட்டும் இருக்கும். ஐஎஃப்எஃப் என்கிற நண்பனா எதிரியா கருவி வேலை செய்வது அப்படித்தான். கேட்கும், எதிரே இருப்பவரிடமும் கருவி இருந்து, அது ஓடிக்கொண்டிருந்தால் பதில் வரும். பதில் வராவிட்டால் எதிரி என்று அர்த்தம் இல்லை.

பெரியப்பா ஒரு விதியைச் சேர்த்தார். வானத்தில் எதிரி மட்டும் இருக்கக் கூடாது. வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கும் விமானம், திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் போகிறவை, கடற்படை ஹெலிகாப்டர் எல்லாம் இருக்க வேண்டும். நம் தலைக்கு மேலே உண்மையில் இருப்பது அதுதானே.

ஆட்டம் தலைகீழானது. கவனமாக இருந்த ஓட்டுநர்கள் யார் என்று உறுதிசெய்யக் காத்திருந்து, எதிரி சுட்டு வீழ்ந்தார்கள். வேகமாக முடிவெடுத்தவர்கள் ஜெயித்தார்கள், ஆனால் எப்போதும் எதிரியிடம் இல்லை. ஒரு மாலை அந்த மாணவி ஓட்டுநராக இருந்தார். ஓட்டைக்குள் ஒரு விமானம் வந்தது, கேட்டார், 'பதில் வரவில்லை' என்று சீட்டு வந்தது. மறுபடி கேட்க நேரமில்லை என்று சுட்டார். அடுத்த சீட்டில் நடுவர் எழுதி அனுப்பியது: 'ஏடிஆர். பயணிகள். வாகைக்குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.' அந்தச் சீட்டை அவர் ரெக்கார்டு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தார். வைவாவில் தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்டார்.

அந்த வாரமே மாணவர்கள் தாங்களாகத் தேடி இரண்டு சம்பவங்களை அறிக்கையில் சேர்த்தார்கள். 14 ஏப்ரல் 1994-ல், அதே ஈராக்கின் வடக்கில், அமெரிக்க எஃப்–15 விமானங்கள் இரண்டு, தங்கள் நாட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். விமானிகள் பக்கத்தில் போய்க் கண்ணாலேயே பார்த்தவர்கள். மேலே கண்காணிப்பு விமானமும் இருந்தது. அப்படியும் ஈராக்கின் ரஷ்யத் தயாரிப்பு ஹெலிகாப்டர் என்று நினைத்தார்கள். இன்னொன்று நம்முடையது. 27 பிப்ரவரி 2019-ல் ஸ்ரீநகரை அடுத்த பட்காமில், நமது தரைப்பிரிவு ஏவிய ஏவுகணையே நமது எம்ஐ–17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும், கீழே இருந்த ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். தவறு தங்களுடையது என்று விமானப்படைத் தளபதியே பிறகு சொன்னார்.

பட்காம் பற்றிப் பேசும்போது பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. படையில் இருந்தவருக்கு அது வெறும் எடுத்துக்காட்டு இல்லை.

நடுவில் வந்த எதிர்வாதம்

31 டிசம்பர் 2024-ல் கருங்கடலில் உக்ரைனின் மகுரா என்ற ஆளில்லாப் படகு, ரஷ்ய எம்ஐ–8 ஹெலிகாப்டரை வீழ்த்தியதாகச் செய்தி வந்தது. படகில் மாட்டியிருந்தது ஆர்–73, சோவியத் காலத்து வான்–வான் ஏவுகணை. மைதானத்தில் பறக்கவிட முடியாமல் வருத்தப்பட்ட அதே பையன் இதைப் பிடித்துக்கொண்டார். 'பாருங்க சார், பழைய ஏவுகணை, படகுல மாட்டிருக்கான், ரேடார் ஒண்ணும் இல்ல, ஜெயிச்சுட்டான். நாம எழுதினது தப்பு.'

சரியான கேள்வி என்று வழிகாட்டி அதை ரிவ்யூவிலேயே எடுத்துக்கொண்டார். என் கணிப்பில் இந்த ஆய்வு முழுவதிலும் பயனுள்ள விவாதம் இதுதான். முடிவில் வந்து சேர்ந்த பதில் இப்படி: ஆளில்லாப் படகை வேட்டையாட ஹெலிகாப்டர் தானாகத் தேடி வருகிறது. தாழப் பறக்கிறது, மெதுவாகப் பறக்கிறது. அந்தக் கடல்மேல் அந்த நேரத்தில் பயணிகள் விமானம் வராது. தலைக்குமேலே எது சுற்றினாலும் அது எதிரிதான். அதாவது 'யார்' என்ற கேள்விக்குப் போர்க்களமே பதில் சொல்லிவிட்டது. அதனால்தான் ஏவுகணையை மாட்டினால் மட்டும் போதுமானதாக இருந்தது. வானம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் அந்தச் சலுகை கிடைக்காது.

அந்தப் பையன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வேட்டையாட வருபவனைப் பயமுறுத்தவாவது ஏவுகணை உதவும், இரையே திருப்பிக் கடிக்கும் என்று தெரிந்தால் மிக்கோ ஹெலிகாப்டரோ பக்கத்தில் வர யோசிக்கும் என்றார். இதில் உண்மை இருக்கிறது. 2002-ல் ஸ்டிங்கர் மாட்டியதன் நோக்கமும் அதுதான். அறிக்கையில் அவர் பெயரில் தனி இயலாகவே அது போனது. ஒத்துப்போகாத கருத்தை வெட்டாமல் விட்டது வழிகாட்டி எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

முடிவு

ஏப்ரல் 2025-ல் வைவா. அறிக்கையின் தலைப்பு மாறியிருந்தது. 'ஏவுகணை ஏந்திய ட்ரோன்' போய், 'ஆளில்லா விமானத்திலிருந்து இலக்கை அடையாளம் காணுதல்' என்று வந்திருந்தது. முடிவுரையில் அவர்கள் எழுதியது: ட்ரோன் விமானத்தைச் சுட வேண்டுமானால், ஒன்று வானத்தைப் பார்க்கும் ரேடாரைத் தானே சுமக்க வேண்டும்; அல்லது வேறொரு விமானம் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டிலும் சுடு என்று சொல்லும் மனிதருக்கு, சுடாதே என்று சொல்லவும் நேரம் மிச்சமிருக்க வேண்டும்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. துறையின் சிறந்த புராஜெக்ட் பரிசு வேறு அணிக்குப் போனது. அவர்களிடம் காட்டுவதற்கு ஓடும் எந்திரம் இருந்தது. இவர்களிடம் இருந்தது அட்டைப்பெட்டியும் சீட்டுகளும்.

பிறகு நடந்தவை

மே 2025 தொடக்கத்தில், மகுரா படகுகளிலிருந்து ஏவிய சைட்விண்டரால் ரஷ்ய சு–30 போர் விமானத்தையே வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. எதிர்வாதம் செய்த பையன் அன்று இரவே குழுவில் செய்தியைப் போட்டார்.

ஆனால் அறிக்கையோடு நேராகப் பொருந்தியவை அந்த ஆண்டுக் கடைசியில் வந்த இரண்டு சோதனைகள். நவம்பர் இறுதியில் துருக்கியின் கிசிலெல்மா, ஜெட் என்ஜின் உள்ள ஆளில்லாப் போர் விமானம், சினோப் கரைக்கு அப்பால் ஒரு ஜெட் இலக்கைக் கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து கோக்தோகான் ஏவுகணையால் அடித்தது. இலக்கைப் பிடித்தது அதன் மூக்கில் இருந்த முராத் ரேடார். டிசம்பர் 8-ல் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் எம்கியூ–28 கோஸ்ட் பேட், அம்ராம் ஏவுகணையால் இன்னொரு இலக்கை வீழ்த்தியது. அங்கே அது தனியாகப் போகவில்லை. எஃப்/ஏ–18எஃப் போர் விமானமும் இ–7ஏ கண்காணிப்பு விமானமும் கூடவே இருந்து தகவலைப் பகிர்ந்தன. ஒன்று தானே ரேடாரைச் சுமந்தது, மற்றது அடுத்தவர் கண்ணால் பார்த்தது. நெல்லைப் பிள்ளைகள் அட்டைப்பெட்டி வைத்து வந்துசேர்ந்த இரண்டு வழிகளும் அவையே. எனக்கு இதில் சொல்ல முடியாத சந்தோஷம்.

இரண்டு சோதனையிலும் அடிபட்டது ஆளில்லா இலக்கு. எல்லோரும் விலகி நின்ற சோதனை வானம். அதனால் 'யார்' என்ற கேள்வி அங்கேயும் எழவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

அடையாளம் காணும் கேள்வியை முதல் மாதத்திலேயே வைக்க வேண்டும். இந்த அணி அதைத் தொட்டபோது பாதி ஆண்டு போய்விட்டது. நிரல் எழுதிய உழைப்பில் பெரும்பகுதி வீண். படையில் இருந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் ஏராளம். தற்செயலாக பைக்கில் வந்தவரை நம்பாமல், தலைப்பு முடிவாகும் நாளிலேயே ஒருவரை அழைத்துவிடலாம்.

சிக்னல் தடுப்பை நாங்கள் தொடவே இல்லை. சீட்டு எப்போதும் வந்துசேரும் என்று வைத்துத்தான் ஆடினோம். உக்ரைனில் அது நாளாந்தப் பிரச்சினை. ட்ரோனுக்கும் ஓட்டுநருக்கும் இடையே தொடர்பு அறுந்தால் ஏவுகணையோடு இருக்கும் ட்ரோன் என்ன செய்ய வேண்டும், திரும்புவதா, சுற்றுவதா, தானே முடிவெடுப்பதா என்பதை மின்னணுவியல் துறையையும் சேர்த்துக்கொண்டுதான் பார்க்க முடியும்.

செலவுக் கணக்கும் விட்டுப்போனது. ரேடார் ஏற ஏற ட்ரோன் பெரிதாகிறது, விலை ஏறுகிறது, இழந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அதைக் காக்க வேறொன்று வேண்டும்.

இந்த ஆண்டு அணி இரண்டாவது கேள்வியை எடுத்திருக்கிறது. தொடர்பு அறுந்த பிறகு ட்ரோன் தானே சுடலாம் என்ற விதியையும் ஆடிப்பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வழிகாட்டி அனுமதித்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: வாகைக்குளத்து விமானம் எல்லா ஆட்டத்திலும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.